வியர்வையோடு போகும் உப்பு

தியானப் பகுதி: மத்தேயு 5:13, 1 இராஜாக்கள் 19:1–8



பங்குனி பிறந்துவிட்டால் கள்ளக்குறிச்சியில் வெயிலுக்கு இரக்கம் இருப்பதில்லை. சித்திரையில் அது 40 டிகிரியை நெருங்கும். லெந்து நாட்களும் இக்காலத்தை ஒட்டியே வருகின்றன. காவலர் தேர்வுக்கும் இராணுவத் தேர்வுக்கும் ஆயத்தமாகும் நம் இளைஞர்கள் ஓடிப் பயிற்சி செய்வதும் இதே நாட்களில்தான். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டர் தொலைவை 7 நிமிடங்களுக்குள் ஓடிக் கடக்கவேண்டும். அந்த 7 நிமிடங்களின்மேல் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே நிற்பதுண்டு. ஆகையால் காலையில் ஓடுகிறார்கள். கூலி வேலை முடிந்து வந்து, வெயில் தணியுமுன்னே மாலையிலும் ஓடுகிறார்கள். சிலர் உபவாசமிருந்துகொண்டே ஓடுகிறார்கள்.

இவ்வாரம் நாம் தியானிக்கப்போகும் கேள்வியை எனக்குத் தந்தவர் அவர்களில் ஒருவர். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து வந்து, நம் பட்டணத்தில் தங்கிப் பகலில் வேலையும் மாலையில் பயிற்சியுமாக இருக்கும் தம்பி அவர். ஒரு மாலை நான்காம் சுற்றில் அவருடைய இரு கெண்டைக்கால் சதைகளும் கல்லாக இறுகி இழுத்துக்கொண்டன. கீழே விழுந்தவருக்கு நண்பர்கள் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்து எழுந்து மறுபடியும் ஓடினார், மறுபடியும் இழுத்துக்கொண்டது. மேலும் தண்ணீர் குடித்தார். இம்முறை தொடையும் வயிறும் சேர்ந்து இழுத்தன, குமட்டலும் வந்தது. அங்கிருந்த ஒருவர், ஜெபம் குறைந்தவனுடைய காலைத்தான் சத்துரு கட்டுவான் என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல் வலியைக் காட்டிலும் ஆழமாய் இறங்கிற்று. மறுநாள் என்னிடம் வந்து, "ஐயா, என் விசுவாசத்தில்தான் குறையா?" என்று கேட்டார்.

"தம்பி, முந்தின நாள் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டேன். உபவாசம் என்றார். அதற்கு முந்தின நாட்களில்? ஓடுகிறவன் உப்பைக் குறைக்கவேண்டும் என்று யாரோ சொன்னதால், உப்பில்லாத உணவும் நிறையத் தண்ணீரும் என்றார். மலையில் இருந்தபோது எப்படி என்றேன். காட்டுவேலை முடிந்து வந்தால் பாட்டி உப்பிட்டுக் கரைத்த சாமைக் கஞ்சி தருவார். அங்கே ஒருநாளும் இப்படி இழுத்ததில்லை என்றார்.

அன்பானவர்களே, அந்தத் தம்பியின் கேள்விக்குரிய விடையின் ஒரு பகுதி பாட்டியின் கஞ்சிச் சட்டியிலேயே இருந்தது. அதை விளங்கிக்கொள்ள, தேவன் நம்முடைய சரீரத்தை உருவாக்கியிருக்கும் விதத்தைச் சற்றே கவனிப்போம்.

நம் இரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை சோடியம் இருக்கவேண்டும். நரம்பு தசைக்கு இடும் கட்டளையும், தசை சுருங்குவதும், பின் தளர்வதும் இத்தகைய உப்புகளின் சமநிலையைச் சார்ந்தவை. வெயிலில் உழைக்கும்போது சரீரம் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வியர்க்கிறது. கடும் வெயிலில் ஓடுகிறவர் ஒரு மணி நேரத்தில் ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை வியர்வை சிந்தக்கூடும். ஒவ்வொரு லிட்டரோடும் ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம், அதாவது இரண்டரை கிராம் சமையல் உப்பு, வெளியேறிவிடுகிறது. சிலருக்கு இதில் பாதி. சிலருக்கு ஏறக்குறைய இரு மடங்கு. காய்ந்த சட்டையில் வெள்ளை வெள்ளையாய்க் கோடுகள் படிவதைப் பார்த்திருப்பீர்கள். சரீரத்திலிருந்து இறங்கிப்போன உப்பு அது.

மலைப்பிள்ளைகளுக்குச் சமவெளியில் இன்னொரு பாரமும் உண்டு. கல்வராயன் மலை 2000 முதல் 3000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று குளிர்ந்தது. கீழே இறங்கி வந்த சரீரம் இந்த வெப்பத்துக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் தேவைப்படும். பழகிய சரீரம் முன்னதாகவே வியர்க்கும்; அதிகமாகவும் வியர்க்கும்; ஆனால் அந்த வியர்வையில் உப்பைக் குறைவாகவே விடும். வியர்வைச் சுரப்பிகள் உப்பைத் திரும்ப இழுத்துக்கொள்ளக் கற்றுக்கொள்கின்றன. படைத்தவர் சரீரத்துக்குள் வைத்த சிக்கனம் இது. கற்றுக்கொள்ள அவகாசம் தராமல் முதல் நாளே முழு வேகத்தில் ஓடினால், வியர்வையோடு உப்பு வெகுவாய்க் கரைந்துபோகும்.

உப்பும் நீருமாக இழந்தவர் வெறும் நீரை மட்டும் நிறையக் குடித்தால் என்ன ஆகும்? மீந்திருக்கும் உப்பும் நீர்த்துப்போகும். இங்கிலாந்தின் ஆழமான நிலக்கரிச் சுரங்கங்களில் வெப்பத்தினூடே உழைத்தவர்களுக்குக் கொடிய தசைப்பிடிப்பு வருவதை 1923-இல் மாஸ் என்னும் ஆய்வாளர் எழுதினார். அவர்கள் வியர்வையை ஈடுசெய்யத் தண்ணீர் ஏராளமாய்க் குடித்தவர்கள், உப்பை ஈடுசெய்யாதவர்கள். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களுள் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தினூடே எடை கூடும் அளவுக்கு நீர் அருந்தியவர்களே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். தாகம் தீர்க்கும் தண்ணீரும் அளவு மீறினால் உயிருக்கு ஆபத்தாகக்கூடும்.

நம் தமிழ் மண்ணிலேயே உலகம் கண்ட ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1986 செப்டம்பரில் சென்னைச் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் ஆட்டத்தைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இரு அணிகளின் ஓட்டங்களும் சமமாகி, டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது முறையாக வெற்றி தோல்வியின்றி 'டை' ஆன ஆட்டம் அது. அதில் டீன் ஜோன்ஸ் என்னும் இளம் ஆட்டக்காரர் கொடிய வெப்பத்திலும் புழுக்கத்திலும் எட்டு மணி நேரத்துக்கும் மேல் மட்டையைப் பிடித்து நின்று 210 ஓட்டங்கள் எடுத்தார். இடையில் பலமுறை வாந்தியெடுத்தார். கால்களும் உடலும் இழுத்துக்கொண்டன. இனி முடியாது என்று அவர் சொன்னபோது, அணித்தலைவர் ஆலன் பார்டர், அப்படியானால் குவீன்ஸ்லாந்துக்காரன் ஒருவனை, திடமானவனை, அனுப்பச் சொல்லுகிறேன் என்று குத்தலாய்ச் சொன்னார். விக்டோரியாக்காரரான ஜோன்ஸ் ரோஷம் கொண்டு தொடர்ந்து ஆடினார். ஆட்டமிழந்து திரும்பியபின் அவரை மருத்துவமனைக்கு எடுத்துச்சென்று சலைன் ஏற்றவேண்டியதாயிற்று.

இந்நிகழ்ச்சி வீரத்தின் அடையாளமாகப் போற்றப்படுகிறது. நானும் அதை மறுக்கவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். தலைவரின் சொல் அவரை நிற்கவைத்தது. அவர் இழந்ததை அது திருப்பித் தரவில்லை. திருப்பித் தந்தது, ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு கரைந்த அந்தச் சலைன்.

இவ்விடத்தில் எலியா தீர்க்கதரிசியை நினைத்துப் பார்க்கிறேன். கர்மேல் மலையில் அக்கினி இறங்கக் கண்டவர். ஆகாபின் இரதத்துக்கு முன்னே யெஸ்ரயேல் மட்டும் ஓடியவர். வேதாகமம் காட்டும் பெரிய ஓட்டக்காரர். அவரே அடுத்த அதிகாரத்தில் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ்ப் படுத்துக்கொண்டு, போதும், என்னை எடுத்துக்கொள்ளும் என்ற பொருளில் ஜெபிக்கிறார். அவரிடம் வந்த தூதன், உன் விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. வேறொரு திடமான தீர்க்கதரிசியை அனுப்புவோமா என்று குத்திக்காட்டவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் வைத்தான். எலியா உண்டார், உறங்கினார். தூதன் இரண்டாந்தரமும் தட்டியெழுப்பி உண்ணச் சொன்னான். போகவேண்டிய தூரம் அதிகம் என்பதைக் காரணமாகவும் சொன்னான். மெல்லிய சத்தத்தில் தேவன் பேசியது அதற்குப் பின்னர்தான். கர்த்தர் தம்முடைய ஊழியக்காரனுக்கு வார்த்தை தருமுன்னே அப்பம் தந்தார்.

ஆகவே அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதில் இது: "உங்கள் விசுவாசத்தில் குறையில்லை, தம்பி, உங்கள் உணவில் உப்புக் குறைவு, உங்கள் நாட்களில் ஓய்வுக் குறைவு. ஜெபிப்போம், பிறகு கஞ்சி குடிப்போம்." இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர் அம்மா உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் கொடுத்து, வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும்படி சொல்லி அனுப்பினார். அந்தப் பொட்டலத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1971-இல் வங்காள அகதிகள் காலராவால் மடிந்துகொண்டிருந்தபோது, பொங்காவ் முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ், நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துத் திரளானவர்களைக் காப்பாற்றினார். சர்க்கரை துணையிருந்தால் குடல் உப்பை விரைந்து ஏற்கும். உப்பின் பின்னே நீரும் உட்செல்லும். ஒன்றுக்கொன்று துணையாக இவற்றை அமைத்தவர் நம் பிதா அல்லவா?

இங்கே ஓர் உண்மையை மறைக்கலாகாது. தசைப்பிடிப்பு எல்லாம் உப்புக் குறைவினாலேயே வருகிறது என்று இன்றைய மருத்துவம் சொல்வதில்லை. தென்னாப்பிரிக்காவில் ஷ்வெல்னஸ் குழுவினர் நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களைச் சோதித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் இரத்தச் சோடியத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சக்திக்கு மீறி வேகமெடுக்கும்போது களைத்த தசைக்கும் நரம்புக்கும் இடையிலுள்ள கட்டுப்பாடு குலைவதும் ஒரு பெரிய காரணம் என்கிறார்கள். நம் தம்பிக்கும் உப்பைச் சரிசெய்த பின்னர் ஒருமுறை இழுத்துக்கொண்டது. அன்று அவர் தம்மைவிட வேகமான ஒருவரோடு போட்டியிட்டு ஓடியிருந்தார்.

இழுத்துக்கொண்ட நேரத்தில் உடனடியாய் உதவுவது எது தெரியுமா? அருகிலிருப்பவர் முழங்காலை நீட்டிப் பிடித்து, பாதத்தை மெதுவாய் முன்னங்காலை நோக்கி வளைத்து, இறுகிய சதையை நீட்டிவிடுவதுதான். உப்பு நீர் குடலை அடைந்து இரத்தத்தில் சேர நேரம் ஆகும். தோழனுடைய கை அந்தக் கணமே வேலை செய்யும். இரெவிதீமிலே மோசேயின் கைகள் அசந்துபோனபோது ஆரோனும் ஊரும் இருபுறமும் தாங்கினார்கள் அல்லவா? மோசேயின் கை தளர்ந்ததை அவர்கள் பாவமென்று தீர்க்கவில்லை. உட்காரக் கல்லை எடுத்துவைத்தார்கள். விழுந்தவனுக்கு அருகில் நின்று அவன் ஏன் விழுந்தான் என்று பேசுகிறவர்கள் பலர். முழங்காலூன்றி அவன் பாதத்தைப் பிடிக்கிறவர் சிலரே. சபை இவ்விரண்டில் எதுவாக இருக்கவேண்டும் என்பதை, சீஷருடைய பாதங்களைத் தம் கைகளில் ஏந்தியவர் காட்டிவிட்டார்.

இனி நம் ஆண்டவரின் உவமைக்கு வருவோம். பூமிக்கு நீங்கள் உப்பாயிருக்கிறீர்கள் என்னும் கருத்தை அவர் கலிலேயாவின் உழைப்பாளிகளிடம் சொன்னார். அந்தக் கடற்கரையிலிருந்த மக்தலா என்னும் ஊருக்குக் கிரேக்கர் இட்ட பெயர், உப்பிட்ட மீனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. உப்பின் அருமையை அறிந்தவர்களிடம், சாரமற்றுப்போகும் உப்பைப் பற்றி அவர் எச்சரித்தார். மக்கான்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1930-களில் தம்மீதும் சில தன்னார்வலர்கள்மீதும் ஒரு சோதனை செய்தார். பல நாட்கள் உப்பில்லா உணவுண்டு, வியர்வையாய்ச் சரீரத்தின் உப்பை வெளியேற்றினார்கள். தசைப்பிடிப்பும் சோர்வும் வந்தன. அதோடு எந்த உணவும் ருசியற்றுப்போயிற்று. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் பழமொழி. உப்பிழந்த சரீரத்துக்கோ நல்ல பண்டத்தின் சுவையும் மங்கிவிடுகிறது.

ஊழியத்திலும் குடும்பத்திலும் உழைத்துத் தேய்ந்தவர்களுக்கு இது நேர்கிறது. ஞாயிறு தோறும் ஆலயத்தைப் பெருக்கும் தாய், ஓய்வுநாள் பள்ளி நடத்தும் வாலிபர், படுக்கையிலிருக்கும் கணவரைப் பல ஆண்டுகளாய்ப் பராமரிக்கும் சகோதரி, இவர்கள் எல்லாரும் அன்றாடம் வியர்வையாய்த் தங்களைச் சிந்துகிறவர்கள். ஒருநாள் பாட்டு ருசிப்பதில்லை, வேதம் ருசிப்பதில்லை. நாமோ அவர்களுக்குப் பாராட்டையும் உற்சாக வார்த்தையையும் மேலும் மேலும் ஊற்றுகிறோம். அது வெறும் தண்ணீர். தாகத்துக்கு அதுவும் வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. அவர்கள் இழந்த உப்பு, அமர்ந்து வேதத்தோடு இருக்கும் ஒரு மணி நேரமாக இருக்கலாம். ஒரு இரவின் உறக்கமாக இருக்கலாம். சுமையில் பாதியை வாங்கிக்கொள்ளும் இன்னொருவராக இருக்கலாம். அதைக் கண்டறிந்து கொடுப்பதே மேய்ப்பின் வேலை.

உப்பு உழைப்பாளியின் உரிமை என்பதை நம் தேசம் ஒருகாலத்தில் தெருவில் இறங்கிச் சொல்லிற்று. 1930 ஏப்ரலில் இராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை ஏறத்தாழ 150 மைல் வெயிலில் நடந்துபோய் உப்பெடுத்தார்கள். வெயிலில் வியர்க்கிறவனுக்கே உப்பு அதிகம் வேண்டும். அவன்மேலேயே வரி கனமாய் விழுந்தது. இன்றும் நம் வட்டாரத்தில் கரும்பு வெட்டுகிறவர்களும் செங்கல் சூளையில் நிற்கிறவர்களும் ஓட்டக்காரர்களைக் காட்டிலும் அதிகம் வியர்க்கிறார்கள். அவர்களுக்குக் கைதட்டுவார் ஒருவருமில்லை. அவர்களுடைய கால் இழுத்துக்கொண்டால் அன்றைய கூலியும் போகிறது.

எனவே இக்கோடையில் நம் சபையாருக்குச் சில வேண்டுகோள்கள். ஆலய வாசலில் தண்ணீர்ப் பானையோடு உப்பிட்ட நீர்மோர்ப் பானையும் இருக்கட்டும். இளநீர் நல்லது, ஆயினும் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு என்பதால் அது மட்டும் போதாது. பொட்டலம் கிடைக்காதபோது, ஒரு லிட்டர் சுத்தமான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பும் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் மட்டமாய் அளந்து கரைத்துக்கொள்ளலாம். உபவாச நாளில் கடும் பயிற்சி வேண்டாம். அவ்விரண்டையும் தேவன் ஒரே நாளில் கேட்கவில்லை. இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் உப்பைக் கூட்டவேண்டாம். வெயிலில் வியர்த்து உழைக்காதவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஓடுகிறவர் பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ, உடல் அனலாய்க் கொதித்தாலோ, அது வெறும் பிடிப்பல்ல. நிழலில் கிடத்தி, உடலெங்கும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

நம் தம்பியின் தேர்வு இன்னும் வரவில்லை. 7 நிமிடங்களுக்குள் அவர் ஓடுவாரா என்பதைக் கர்த்தர் அறிவார். ஆனால் தன் கால் இழுத்துக்கொண்டதால் தேவன் தன்னைக் கைவிட்டார் என்ற எண்ணம் அவரைவிட்டு நீங்கிவிட்டது. நமக்காகக் கெத்செமனேயில் வியர்வை சிந்தியவர், சிலுவையில் தாகத்தை வாய்திறந்து சொன்னவர், நம்முடைய சரீரத்தின் பலவீனத்தைப் பழிக்கமாட்டார்.

ஜெபம்: எங்கள் உருவத்தை அறிந்த பிதாவே, வெயிலில் ஓடுகிறவர்களையும் உழைக்கிறவர்களையும் காத்தருளும். விழுந்தவனை நியாயந்தீர்க்கும் வாயை எங்களுக்குத் தராமல், அவன் பாதத்தைப் பிடித்து நீட்டிவிடும் கைகளைத் தாரும். சாரமிழந்தோரை உமது உடன்படிக்கையின் உப்பினால் மறுபடியும் ருசியுள்ளவர்களாக்கும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.